அக்கா கேட்டது பிரிவு

2021ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் அக்காவை அழைத்துக்கொண்டு வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள ஒரு வழக்கறிஞரின் அலுவலகத்துக்குச் சென்றேன். எங்கள் கதையை அவர் கால்வாசிதான் கேட்டிருப்பார், பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டு, "ஜுடிஷியல் செப்பரேஷனா, டைவர்ஸா? எது போடணும்னு முடிவு பண்ணிட்டீங்களாம்மா?" என்று கேட்டார். நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டும் ஒன்றுதான், ஒன்று கொஞ்சம் மரியாதையான பெயர், மற்றொன்று ஊரார் சொல்லும் பெயர் என்றே அதுவரை நினைத்திருந்தோம்.

அக்காவுக்கு 2006இல் குடியாத்தத்தில் திருமணம் நடந்தது. மாமாவுக்கு அரசுத் துறையொன்றில் வேலை, சென்னையில் குடித்தனம். (இத்தனை நடந்த பிறகும் அவரை மாமா என்றுதான் எழுத வருகிறது, நீதிமன்றக் காகிதங்களில் உள்ள 'எதிர்மனுதாரர்' என்ற சொல் என் வாயில் இன்றுவரை நுழையவில்லை.) 2019 ஆனியில் அவர் வேறொரு பெண்ணுடன் தனி வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். சில மாதம் அங்கேயே காத்திருந்துவிட்டு, அக்கா மகளோடு வேலப்பாடியில் உள்ள என் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். மாடியில் ஒரு தையல் இயந்திரத்தைப் போட்டு, அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைக்கத் தொடங்கினாள்.

உறவினர்கள் சொன்ன முதல் யோசனை நீதிமன்றமே வேண்டாம் என்பதுதான். பெரியவர்கள் நான்கு பேரை வைத்து, இருபது ரூபாய் முத்திரைத்தாளில் 'இனி உனக்கும் எனக்கும் சம்பந்தமில்லை' என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, நோட்டரி முத்திரை குத்திவிட்டால் முடிந்தது என்றார்கள். எங்கள் பக்கத்தில் இப்படி எழுதிக்கொண்டு, அதை நம்பி மறுமணமும் செய்துகொண்டு, பிறகு சொத்து என்று வரும்போது மாட்டிக்கொண்டவர்களை எனக்கே தெரியும். 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், வழக்காற்றின்படி நடக்கும் மணமுறிவை 29ஆம் பிரிவில் விட்டுவைத்திருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சாதியில் அப்படியொரு வழக்காறு நெடுங்காலமாக இருந்துவருகிறது என்பதை, அதைச் சொல்பவர்தான் சாட்சியோடு நிரூபிக்க வேண்டும். அது முடியாதபோது அந்தத் தாளுக்கு எழுதிய காகிதத்தின் விலைகூடக் கிடையாது.

ஆகவே எஞ்சியவை இரண்டு வழிகள் என்று நம்பினோம். விவாகரத்துத்தான் சரி என்பது என் கட்சி. அக்காவோ முதல் நாளே நீதிமுறைப் பிரிவுதான், அதாவது வழக்கறிஞர் சொன்ன 'ஜுடிஷியல் செப்பரேஷன்'தான் வேண்டும் என்றாள். அவள் சொன்ன காரணங்களை நான் அப்போது பாதிக் காதால்தான் கேட்டேன். குடியாத்தத்தில் இருந்த அப்பாவுக்கு இருதய நோய். 'விவாகரத்து' என்ற சொல்லை அவர் காதில் போட அவள் தயாராக இல்லை. மாமா 2003 ஏப்ரல் 1ஆம் தேதிக்கு முன்பே அரசுப் பணியில் சேர்ந்தவர் என்பதால் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர். அவருக்குப் பின் குடும்ப ஓய்வூதியம் மனைவிக்கு வரும், விவாகரத்தானவளுக்கு வராது. இவை சொல்லிக்காட்டிய காரணங்கள். சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது: திருமணம் சட்டப்படி உயிரோடு இருக்கும்வரை அவர் அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ள முடியாது. கட்டினால் அது இருதார மணக் குற்றம். அன்றைக்கு அது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 494ஆம் பிரிவு, இன்றைக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆம் பிரிவு. "நான் அத்து விட்டு அவருக்கு வழி பண்ணித் தரணுமா?" என்று ஒரு நாள் இரவு துணி மடித்துக்கொண்டே கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை.

நீதிமுறைப் பிரிவு என்பது சேர்ந்து வாழும் கடமையை மட்டும் நிறுத்திவைப்பது. கணவன், மனைவி என்ற உறவு அப்படியே இருக்கும். ஒருவர் இறந்தால் மற்றவர் வாரிசு. மனம் மாறி இருவரும் சேர விரும்பினால் நீதிமன்றமே அந்தத் தீர்ப்பாணையை நீக்கித் தரலாம். விவாகரத்தில் உறவே அறுந்துபோகிறது. இவ்வளவு தெரிந்ததும் பிரிவு கேட்பது லேசான வழக்கு, சீக்கிரம் முடியும் என்று நினைத்தோம். அது தவறு. 1976இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இரண்டுக்கும் காரணங்கள் ஒன்றேதான். கொடுமை என்றாலும், பிறர் மனை நாடியது என்றாலும், இரண்டாண்டுக்குக் குறையாமல் கைவிட்டது என்றாலும், விவாகரத்துக்கு எதை நிரூபிக்க வேண்டுமோ அதையேதான் பிரிவுக்கும் நிரூபிக்க வேண்டும். கூண்டிலேறிச் சொல்வதும் குறுக்கு விசாரணையில் அழுவதும் ஒன்றுதான். உடனடிச் சலுகை என்று பார்த்தால், திருமணமாகி ஓராண்டு முடிவதற்குள் விவாகரத்து மனுப் போட பொதுவாக அனுமதி இல்லை, பிரிவு மனுவுக்கு அந்தத் தடை இல்லை. பதின்மூன்று ஆண்டு வாழ்ந்துவிட்டு வந்தவளுக்கு அந்தச் சலுகையால் என்ன பயன்?

ஒரு நல்ல செய்தி, வழக்கை வேலூரிலேயே போட முடிந்தது. 2003க்குப் பிறகு மனைவி தான் தற்போது குடியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம் என்று இந்து திருமணச் சட்டத்தின் 19ஆம் பிரிவு சொல்கிறது. அதனால் சென்னையிலிருந்து மாமா வர வேண்டியதாயிற்று. நாங்கள் வேலப்பாடியிலிருந்து ஓர் ஆட்டோவில் போய்விட்டோம்.

குடும்ப நல நீதிமன்றத்தில் எடுத்த எடுப்பில் விசாரணை தொடங்குவதில்லை. முதலில் ஆலோசகரிடம் அனுப்புகிறார்கள். சேர்த்துவைக்க முடியுமா என்று பார்ப்பது நீதிமன்றத்தின் கடமை என்றே சட்டத்தில் எழுதியிருக்கிறது. நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலிகள் மூன்று. நடு நாற்காலியில் மாமா தன் கைப்பையை வைத்துவிட்டதால், அக்காவும் அவரும் இரு ஓரங்களில் உட்கார்ந்தார்கள். வெயில் நூற்றிரண்டைத் தொட்டிருந்த சித்திரை நாள். மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை. அரை மணி நேரம் பேசிவிட்டு வெளியே வந்த அக்கா, வேப்ப மரத்தடியில் புளிச்சோற்று டப்பாவைத் திறந்தபடி, "சாப்பிட்டாரான்னு கேக்கலாமா, வேணாமா?" என்று என்னிடம் கேட்டாள். கேட்கவில்லை. அடுத்த மாதம் வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் போயிருந்தோம். கணவன் ஆணையால் வெட்டுண்ட ரேணுகையின் தலை கூட்டத்தின் மேல் மிதந்து வந்தபோது, உறவுக்கார அம்மாள் ஒருவர் அக்காவின் கையைப் பிடித்து, "பொறுத்துப் போடி" என்றார். அக்கா சிரசைப் பார்த்துக்கொண்டே, "பொறுத்தவ கதைதான் அதோ வருது சித்தி" என்றாள்.

வழக்கு இரண்டு ஆண்டு ஓடியது. இடையில் 24ஆம் பிரிவின்கீழ் மாதம் 12,000 ரூபாய் இடைக்கால ஜீவனாம்சம் கிடைத்தது. இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் ஆகியவற்றை உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் சொல்லியிருந்தது எங்களுக்குப் பெரிய உதவியாக இருந்தது. சம்பளப் பட்டியலை மறைக்க மாமாவால் முடியவில்லை. 2023 ஆவணியில் நீதிமுறைப் பிரிவுக்கான தீர்ப்பாணை வந்தது. அதே தொகை நிரந்தர ஜீவனாம்சமாகவும் ஆனது. அக்கா அதன் சான்று நகலை எல்.ஐ.சி. பாலிசிகள் வைக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துப் பூட்டினாள். தாலி கழுத்திலேயே இருந்தது. கேட்டவர்களிடம் அப்பா, "கேஸு முடிஞ்சுபோச்சு, ஆனா டைவர்ஸு இல்ல" என்று சொல்லிக்கொண்டார்.

2024 ஐப்பசியில் அழைப்பாணை ஒன்று வந்தது. மாமா விவாகரத்துக் கேட்டு மனுப் போட்டிருந்தார். காரணம் என்ற இடத்தில் கொடுமையும் இல்லை, வேறெதுவும் இல்லை. அக்காவே வாங்கிய தீர்ப்பாணையைத்தான் காரணமாகக் காட்டியிருந்தார்.

வழக்கறிஞர்கள் 'பதிமூணு ஒன் ஏ' என்று சொல்லும் அந்த 13(1ஏ) பிரிவைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். பிரிவு மனுப் போட நினைக்கும் எவரும் கையெழுத்துக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான், நாங்கள் தெரிந்துகொள்ளாததும் இதுதான். நீதிமுறைப் பிரிவுக்கான தீர்ப்பாணை வந்த பிறகு ஓராண்டோ அதற்கு மேலோ இருவரும் சேர்ந்து வாழவில்லை என்றால், அதையே காரணமாக வைத்து இருவரில் எவரும் விவாகரத்துக் கேட்கலாம். தொடக்கத்தில் இந்த உரிமை தீர்ப்பாணை பெற்றவருக்கு மட்டும்தான் இருந்தது. 1964ஆம் ஆண்டுத் திருத்தம் அதை இரு தரப்புக்கும் ஆக்கியது. 1976இல் காத்திருக்கும் காலம் இரண்டு ஆண்டிலிருந்து ஓர் ஆண்டாகக் குறைந்தது. அதாவது விட்டுப்போனவர் எந்தக் காரணத்தைச் சொல்லியும் தானாக விவாகரத்து வாங்கியிருக்க முடியாத நிலையில், நாங்களே இரண்டு ஆண்டு அலைந்து, வக்கீல் கட்டணம் கட்டி, அவர் கையில் ஒரு காரணத்தைக் கொடுத்திருக்கிறோம்.

வழக்கறிஞரிடம் கோபமாகத்தான் போனேன். அவர் நிதானமாக, "அன்னைக்கே சொன்னேனே தம்பி" என்றார். வீட்டுக்கு வந்து என் பழைய குறிப்பேட்டைப் புரட்டினேன். மருந்து விநியோக நிறுவனமொன்றில் கணக்கு எழுதுபவன் நான். எதையும் தேதி போட்டு எழுதிவைக்கும் பழக்கம் உண்டு. முதல் சந்திப்பின் தேதிக்குக் கீழே என் கையெழுத்திலேயே, '1 வருஷம் – ரெண்டு பேரும்' என்று இருந்தது. எழுதியிருக்கிறேன், புரிந்துகொள்ளவில்லை.

விவாகரத்தே கூடாது என்பதுதான் ஒரு பெண்ணின் நோக்கம் என்றால், அவள் நீதிமுறைப் பிரிவு தரும் 10ஆம் சட்டப்பிரிவின் பக்கமே போயிருக்கக் கூடாது என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். தீர்ப்பாணை எதுவும் இல்லாமலே தனியாக வாழவும் ஜீவனாம்சம் பெறவும் வழி இருக்கிறது. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 18(2)ஆம் பிரிவு, கணவன் கைவிட்டாலோ கொடுமை செய்தாலோ மனைவி தனித்து வாழ்ந்தபடியே ஜீவனாம்சம் கேட்கலாம் என்கிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாக மாறியிருக்கும் வழியும் இருக்கிறது. இருக்கும் வீட்டைவிட்டுத் துரத்துகிறார்கள் என்றால் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் குடியிருப்பு உத்தரவு கேட்கலாம். இவற்றில் எதுவும் எதிர்த் தரப்புக்கு விவாகரத்துக்கான படியாக மாறுவதில்லை. இந்த மூன்றாவது வழியை எங்களுக்கு எந்த உறவினரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கையில் காசில்லாமல் யாரிடம் கேட்பது என்று தயங்கும் பெண்கள், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கே போகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் தொலைபேசியிலும் கேட்கலாம்.

மாமாவின் மனு வந்ததும் எல்லாம் முடிந்துவிட்டதா என்றால், இல்லை. அவர் ஏழு மாதமாக ஜீவனாம்சம் கட்டவில்லை. ஹிராசந்த் எதிர் சுனந்தா என்ற வழக்கில் 2001இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை வழக்கறிஞர் எடுத்துக் காட்டினார். பிரிவுத் தீர்ப்பாணைக்குப் பிறகும் வேறு பெண்ணோடு வாழ்ந்துகொண்டு, மனைவிக்குக் கொடுக்கச் சொன்ன ஜீவனாம்சத்தையும் கொடுக்காத கணவர், ஓராண்டு கடந்துவிட்டது என்று விவாகரத்துக் கேட்டார். தன் தவற்றின் பலனைத் தானே அனுபவிக்க முடியாது என்று அவருக்கு மறுத்துவிட்டார்கள். எங்கள் கதையும் ஏறக்குறைய அதுவேதான். எதிர்த்து நின்றால் ஜெயிக்க வாய்ப்பு உண்டு என்றார்.

நான் எதிர்க்கச் சொன்னேன். முதலில் விவாகரத்து வேண்டும் என்றவன் நான், இப்போது கூடாது என்று குதித்தவனும் நான். அக்கா அவசரப்படவில்லை. வழக்கறிஞரின் மேசையில் கிடந்த பழைய வழக்குப் பட்டியல் தாளை எடுத்துத் திருப்பி, தையல் அளவு எழுதும் பென்சிலால் நடுவில் ஒரு கோடு போட்டாள். ஒரு பக்கம் மனைவியாக இருப்பதால் வருவது, இன்னொரு பக்கம் போவது.

வருவதில் குடும்ப ஓய்வூதியம் முதல் வரியில் இருந்தது. அடுத்த வரியில் மாமாவின் சொத்தில் வாரிசு உரிமை. மகளின் பங்கையும் அவள் எழுதப் போனபோது வழக்கறிஞர் தடுத்தார். மகளுடைய உரிமைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை, பெற்றோர் பிரிந்தாலும் விவாகரத்தானாலும் அவள் தகப்பனின் முதல் வகுப்பு வாரிசு, மணமாகாத மகளைப் பராமரிப்பதும் தகப்பனின் கடமை என்றார். மூன்று ஆண்டாக அக்கா எடுத்த முடிவுகளின் அடியில் மகளைப் பற்றிய பயம்தான் இருந்தது. அந்த வரியை அழிரப்பரால் அழித்தாள்.

போவதில் வழக்கறிஞர் சொல்லி எழுதிய முதல் வரி எங்கள் இருவரையும் திடுக்கிட வைத்தது. காட்பாடிப் பக்கம் அக்காவின் பெயரில் ஒரு மனை இருக்கிறது. அப்பா கொடுத்த பணமும் தையல் சேமிப்பும் சேர்த்து வாங்கியது. அவள் உயில் எழுதாமல் இறந்தால் அந்த மனை யாருக்கு? இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி மகளுக்கும் கணவருக்கும். நீதிமுறைப் பிரிவு அதை மாற்றுவதில்லை. பென்சில் அங்கேயே நின்றுவிட்டது. மாமாவின் சொத்தில் தனக்குள்ள உரிமையைக் காப்பதாக நினைத்துக்கொண்டு, தன் சொத்தில் அவருக்குள்ள உரிமையையும் சேர்த்துக் காத்துவந்திருக்கிறாள். அந்த வாரமே உயில் எழுதி, இரண்டு சாட்சிகளோடு சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்தோம். உயிலைப் பதிய வேண்டிய கட்டாயம் இல்லை. அப்பாவின் மன நிம்மதிக்காகப் பதிந்தோம்.

எங்கள் அலுவலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் கிறிஸ்தவ நண்பரிடம் இதைச் சொன்னபோது, தங்கள் சட்டம் வேறு என்றார், பார்த்தேன், வேறுதான். 1869ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டத்தில் நீதிமுறைப் பிரிவு பெற்ற மனைவி, அதற்குப் பிறகு சம்பாதிக்கும் சொத்தைப் பொறுத்தவரை மணமாகாதவளாகவே கருதப்படுகிறாள். உயில் இல்லாமல் அவள் இறந்தால், கணவன் முன்பே இறந்துவிட்டதுபோல எண்ணித்தான் அந்தச் சொத்து பிரியும். பிரிவுத் தீர்ப்பையே காரணமாகக் காட்டி விவாகரத்துக் கேட்க வழி செய்யும் சட்டப்பிரிவும் அதில் இல்லை. மணமுறிவைச் சபை ஏற்காத கத்தோலிக்கக் குடும்பங்களுக்குப் பிரிவு என்பது உண்மையிலேயே நிற்கும் இடமாக இருக்கக்கூடும். ஆம்பூர், மேல்விஷாரம் பக்கத்து முஸ்லிம் நண்பர்களுக்கு இந்தக் கேள்வியே இந்த வடிவில் எழுவதில்லை. அவர்களுக்கு மனைவி கேட்டுப் பெறும் மணவிலக்கான 'குலா'வும், 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமணக் கலைப்புச் சட்டமும் இருக்கின்றன.

தாளின் இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டு அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பென்ஷன் அவர் போன பிறகுதானே வரும்? அவர் சாவுக்குக் காத்துக்கிட்டு நான் பொண்டாட்டியா இருக்கணுமா தம்பி?" அவர் மறுமணம் செய்துகொள்வதைப் பற்றி அவள் அன்று எதுவும் சொல்லவில்லை, நானும் நினைவூட்டவில்லை.

ஆனால் சும்மா விட்டுக்கொடுக்கவும் இல்லை. எதிர்த்து நிற்கும் வாய்ப்பு கையில் இருந்ததால்தான் பேரம் பேச முடிந்தது. சமரச மையத்தில் நான்கு அமர்வு பேசி, மாமாவின் மனுவை 13பி பிரிவின்கீழ் இருவரும் சேர்ந்து கேட்கும் மனுவாக மாற்றினார்கள். நிலுவை ஜீவனாம்சம் முழுவதும், இழக்கும் ஓய்வூதியத்தையும் வாரிசு உரிமையையும் கணக்கிட்டு ஒரு மொத்தத் தொகை, மகளின் படிப்புக்குத் தனியாக ஒரு வைப்புத்தொகை என்று முடிவாயிற்று. மொத்தத் தொகையில் பாதியை முதலில் கொடுத்துவிட வேண்டும், மீதியைத் தீர்ப்பாணை வரும் நாளில் கொடுக்க வேண்டும். தீர்ப்பாணை வரும்வரை இருவரில் எவரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று 1991இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால், மீதிப் பணத்துக்கு வேறு நாளைக் குறிக்க எங்கள் வழக்கறிஞர் ஒப்புக்கொள்ளவில்லை.

2025 அக்டோபரில் கூட்டு மனுவில் இருவரும் கையெழுத்திட்டார்கள். அதன் பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். நெடுநாள் பிரிந்திருப்பவர்களுக்கு அந்தக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் அமர்தீப் சிங் வழக்கில் தீர்ப்பு உண்டு; மாமாவின் வழக்கறிஞர் அதைக் கேட்டுப் பார்த்தார். அக்கா மறுத்துவிட்டாள். மார்ச்சில் மகளுக்குப் பிளஸ் டூ தேர்வு. அது முடிவதற்குள் வீட்டில் இந்தப் பேச்சே எழக்கூடாது என்பது அவள் கட்டளை. அடுத்த வாய்தா சித்திரையில். வேப்ப மரத்தடிக்கு இந்த முறை தண்ணீர் பாட்டில் இரண்டு எடுத்துப்போக வேண்டும்.